தண்ணீரில் இறங்குவதற்கு முன்

வேங்கிக்கால், திருவண்ணாமலை
10 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சந்தனா அக்காவுக்கு,

திரௌபதி எழுதுகிறேன். பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரை வந்திருந்தால் அதுவே பெரிது. என் நம்பரை நீங்கள் மூன்று வருடத்துக்கு முன்பே தடுத்துவிட்டீர்கள். உங்கள் அப்பாவுக்குப் போன் செய்து ஓசூர் முகவரியை வாங்கினேன். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி, பத்திரிகை அனுப்பத்தான் கேட்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். நினைக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். மன்னிப்புக் கேட்கும் கடிதத்தையே இப்படி ஒரு பொய்யில்தான் தொடங்கியிருக்கிறேன், பாருங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வருடமாகச் சபைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். நம் லேபுக்கு ரத்தத்தில் சர்க்கரை பார்க்க வரும் ஸ்டெல்லா அக்கா முதலில் கூட்டிப்போனார். வருகிற 31ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஞானஸ்நானம். அம்மாவுக்கு இதில் துளியும் சம்மதமில்லை. "அண்ணாமலையார் காலடியில பொறந்துட்டு உனக்கு வேற தண்ணி கேக்குதா" என்று கேட்டுவிட்டு இரண்டு வாரமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

தண்ணீரில் மூழ்கி எழும் அந்த நிமிஷத்தில் செய்த பாவமெல்லாம் போய்விடும் என்று ஸ்டெல்லா அக்கா சொல்கிறார். அதைக் கேட்ட நாளிலிருந்து அந்த நிமிஷத்துக்காகத்தான் காத்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் உங்களிடம் கேட்காமல் இறங்கினால் அது சரியாக இருக்காது என்று மனசு சொல்கிறது. நான் சொன்ன ஒரு வார்த்தையால் உங்கள் வேலை போனது. பயத்தில் சொல்லிவிட்டேன் அக்கா. அப்போது எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நீங்கள் நீளமாக எழுத வேண்டாம். மன்னித்துவிட்டேன் என்று ஒரு வரி போதும். 31க்குள் வந்தால் நன்றாக இருக்கும்.

என்றும் உங்கள்,
திரௌபதி


ஓசூர்
18 ஆகஸ்ட் 2025

திரௌபதிக்கு,

கெடு தேதி வைத்து மன்னிப்பு கேட்ட முதல் ஆள் நீதான். கேஸ் சிலிண்டர் புக் செய்வதுபோல் இருக்கிறது.

"நான் சொன்ன ஒரு வார்த்தை" என்று எழுதியிருக்கிறாய். எந்த வார்த்தை என்று எழுதக் கை வரவில்லை போலிருக்கிறது. நான் எழுதுகிறேன், சரியா என்று பார்த்துக்கொள்.

நாங்கள் நயினார் வீட்டு ஆட்கள், சமணர்கள். பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டோம். அதனால் தினமும் ஐந்தரை மணிக்கு நான் லேபின் பின்கட்டுக்குப் போய் டப்பாவைத் திறப்பேன். "நீங்க போய் சாப்டுங்க அக்கா, நான் பாத்துக்கறேன்" என்று முதல் நாளே சொன்னவள் நீ. ஆறு மணிவரை இரண்டு பேரும் ரத்தம் எடுக்க வேண்டும் என்பது ஓனர் போட்ட சட்டம். எனவே அந்த அரைமணி நேரம் நீ எடுத்த ரத்தத்தில் பாதிக்கு ரிஜிஸ்டரில் என் பெயரை எழுதி வைப்பாய். ஐந்து வருடம் அப்படி நடந்தது. அதை உபகாரம் என்றுதான் நானும் நினைத்தேன்.

2020 மாசிப் பௌர்ணமி, அதே ஐந்தரை மணி. கூட்டம் அதிகம், போலீஸ் வண்டிகளை நகர்த்தச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று நீ எல்லா டியூபிலும் முன்கூட்டியே பெயரை எழுதி வரிசையாக நிறுத்தியிருந்தாய். பிறகு ஓனர் விசாரித்ததில் தெரிந்தது, ஒருவர் பைக்கை நகர்த்த எழுந்து போயிருக்கிறார். அடுத்து இருந்த, அடி அண்ணாமலை ஊர்க்காரி கவியா, முதல் பிள்ளையை வயிற்றில் சுமந்தவள், அவர் இடத்தில் உட்கார்ந்தாள். அவள் ரத்தம் அவர் டியூபில், அவர் ரத்தம் அவள் டியூபில். நெகட்டிவ் ரத்தப் பிரிவுக்காரி ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் ஆகிவிட்டாள். நம் காகிதத்தை நம்பி, நெகட்டிவ் தாய்க்கு முதல் பிரசவத்தில் போட வேண்டிய ஊசியை அவளுக்குப் போடவில்லை. அதனால் 2022இல் இரண்டாவது குழந்தை ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே போய்விட்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் மறுபடி ரத்தம் பார்த்து நெகட்டிவ் என்று தெரிந்ததும், டாக்டர் நம் ஓனரைக் கூப்பிட்டுக் கேட்டார். ஓனர் பழைய ரிஜிஸ்டரைப் பிரித்தார். கவியாவுக்கு ரத்தம் எடுத்தவர் என்று என் பெயர் இருந்தது. "அந்த நேரம் நான் சாப்பிடப் போயிருந்தேன் சார்" என்றேன். அவர் உன்னைப் பார்த்தார். நீ தரையைப் பார்த்துக்கொண்டு "அக்கா இருந்தாங்க சார்" என்றாய்.

அதுதான் அந்த வார்த்தை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நீ என் சோற்றிலேயே மறைத்தாய். இப்போது நான் ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிறேன். ஊசியைத் தொட எவனும் விடுவதில்லை.

மன்னிக்க மாட்டேன். எனக்குப் புரியாதது ஒன்றுதான். உன் கடவுள் தண்ணீரிலேயே எல்லாவற்றையும் கழுவிவிடுவார் என்றால் என் ஒரு வரி எதற்கு? கழுவ மாட்டார் என்றால் நீ ஏன் இறங்குகிறாய்? இன்னொன்றும் இருக்கிறது. எனக்குப் போனது வேலை. பிள்ளை போனது அவளுக்கு. உன் கடிதத்தில் அவள் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை.

சந்தனா


வேங்கிக்கால்
25 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் வந்தது. நீங்கள் எழுதியதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அவள் பெயரை எழுத முடியாமல்தான் எழுதவில்லை. முதல் கடிதத்தை நாலு தடவை எழுதினேன். நாலிலும் கவியா என்ற இடம் வந்ததும் பேனா நின்றுவிட்டது.

உங்கள் கேள்வியைப் பாஸ்டரிடம் கொண்டுபோனேன். பெயர் ஞானசிகாமணி. முன்பு போக்குவரத்துக் கழகத்தில் மெக்கானிக்காக இருந்தவர், இன்றைக்கும் மெக்கானிக் மாதிரிதான் பேசுவார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னது அவரிடம்தான். அழுதேன். அழுது முடித்ததும் பாரம் இறங்கியதுபோல் இருந்தது. இனி அவர் தலையில் கைவைத்து ஜெபித்து அனுப்பிவிடுவார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் கேட்டார். "இன்னிக்கு காலைல லேபுக்குப் போனியாம்மா?"

"போனேன் பாஸ்டர்."

"ஓனர் கிட்ட சொன்னியா?"

"இல்ல."

"அப்ப அந்தப் பொய்ய இன்னிக்கும் சொல்லிட்டுதான் வந்திருக்க. மூணு வருஷமா தினம் சொல்லிட்டிருக்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கடவுள் மன்னிக்க மாட்டாரா, ஞானஸ்நானம் எடுத்தால் பாவம் போகாதா என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மன்னிப்பு கடவுள் தர்றதும்மா. அத யாரும் சம்பாதிக்க முடியாது, நீயும் முடியாது. ஆனா தண்ணி சோப்பு இல்ல. அது பழைய ஆள பொதைக்கிற எடம். உசுரோட இருக்கிறவள எப்படி பொதைக்கிறது?"

மனந்திரும்புதல் என்றால் அழுவது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். திரும்புதல் என்ற சொல் அதற்குள் இருப்பதை நீ கவனிக்கவே இல்லையே என்றார் பாஸ்டர். நீ அழுகிறாய், ஆனால் அதே திசையில்தான் நடக்கிறாய் என்றார். தேதியைத் தள்ளிவைப்பதும் வைக்காததும் உன் இஷ்டம், நான் தடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். தடுத்திருந்தால்கூட அவர் மேல் பழியைப் போட்டிருப்பேன்.

நானே தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டேன். ஆனால் அதற்கு மேல் எதுவும் செய்யவில்லை அக்கா. தினமும் ஓனர் அறை வாசல் வரை போகிறேன், ரிப்போர்ட் கையெழுத்து என்று எதையாவது நீட்டிவிட்டு வந்துவிடுகிறேன். வேலை போகும். கேஸ் போட்டால் என்ன ஆவேன் என்று தெரியாது. அம்மாவுக்கு என் சம்பளம்தான். நல்லவளாக வேண்டும் என்று ஆசை இருக்கிறது, வாழ்க்கை கெட்டுப்போய்விடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுப்பெல்லாம் இல்லை, நெஞ்சே அடைத்துக்கொண்டு நிற்கிறது.

இந்தக் கடிதத்தில் மன்னிப்பு கேட்கவில்லை. கேட்க எனக்குத் தகுதி வந்ததும் கேட்கிறேன்.

திரௌபதி


ஓசூர்
9 செப்டம்பர் 2025

திரௌபதிக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் போடக் கூடாது என்றுதான் இருந்தேன். நேற்று முன்தினம் ஊருக்குப் போய்வந்த பிறகு மனசு கேட்கவில்லை.

எங்களுக்கு வருடத்தில் பத்து நாள் விரதம் உண்டு. அது முடிந்ததும் தெரிந்தோ தெரியாமலோ செய்த தவறுக்கெல்லாம் ஒவ்வொருவரிடமும் போய் மன்னிப்புக் கேட்போம். பெரியவர் சிறியவர் பார்ப்பதில்லை. என் அப்பா என்னிடம் கைகூப்பினார். நான் பக்கத்து வீட்டுப் பசுமாட்டிடம்கூடக் கேட்டேன். நீ சிரிப்பாய். சிரித்துக்கொள்.

எங்களிடம் மன்னித்துவிடும் கடவுள் கிடையாது. செய்த வினை ஒட்டிக்கொண்டேதான் வரும், தேய்த்துத் தேய்த்து நாம்தான் கரைக்க வேண்டும். அதனால் உங்கள் தண்ணீர்க் கதையைப் படித்து முதலில் இளக்காரமாகத்தான் இருந்தது. இவ்வளவு சுலபமா என்று நினைத்தேன். உங்கள் மெக்கானிக் பாஸ்டர் சொன்னதைப் படித்த பிறகு அந்த இளக்காரம் குறைந்துவிட்டது. சுலபமில்லை போலிருக்கிறது.

இன்னொன்று. பசுமாடு வரைக்கும் கேட்டவள், ஒருத்தியிடம் மட்டும் கேட்காமல் வந்துவிட்டேன். அது நீ இல்லை. உன்னிடம் நான் கேட்க எதுவுமில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். யார் என்று இப்போது எழுத மனமில்லை.

ஓனர் அறை வாசல் வரை போகிறேன் என்று எழுதியிருந்தாய். வாசல் வரை போவதற்கு யாரும் பாராட்டுப் பத்திரம் கொடுக்கப் போவதில்லை. உள்ளே போ.

சந்தனா


வேங்கிக்கால்
28 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உள்ளே போனேன்.

15ஆம் தேதி காலையில், லேப் திறந்ததும். ஓனர் டீ குடித்துக்கொண்டிருந்தார். "மூணு வருஷம் முன்னாடி முடிஞ்சத ஏம்மா கெளர்ற" என்றார். முடியவில்லை சார் என்றேன். அன்று நடந்தது, ரிஜிஸ்டரில் உங்கள் பெயரை எழுதியது, பொய் சொன்னது எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு அவர் மேஜையில் வைத்தேன். அவர் தொடவே இல்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். அதன் நகல் ஒன்றை இதனுடன் வைத்திருக்கிறேன். எங்காவது வேலைக்குப் போகும்போது காட்டுங்கள். என் நம்பர் அதில் இருக்கிறது, யார் கேட்டாலும் சொல்வேன்.

அதன்பிறகு அடி அண்ணாமலை. அதற்கு எட்டு நாள் ஆனது.

கவியா கிரிவலப் பாதையில் இளநீர்க் கடை வைத்திருக்கிறாள். அன்று கூட்டமில்லை. மூத்த பெண் ஓவியா ஸ்கூலுக்குப் போயிருந்தாள். கவியாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை, ஒரு இளநீரை எடுத்து வெட்டப் போனாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நின்றுகொண்டே சொல்ல ஆரம்பித்தேன். அவள் திட்டுவாள், அடிப்பாள் என்று எதற்கும் தயாராகத்தான் போயிருந்தேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஒன்று கேட்டாள்.

"அப்ப என் ரத்தம் இல்லையா?"

எனக்குப் புரியவில்லை. பிறகுதான் சொன்னாள். பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் ஒத்துக்கொள்ளாமல் குழந்தை போய்விட்டது என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். ஊசியைப் பற்றி என்னவோ சொன்னார்களாம், அழுகையில் அவள் காதில் விழவில்லை. நம் லேபிலிருந்து ஒருவரும் போய்ச் சொல்லவில்லை. மாமியார் ஆதிலட்சுமி "இவ ரத்தம்தான் புள்ளையத் தின்னுச்சு" என்று சொல்லிவிட்டார். அன்றையிலிருந்து விசேஷ வீட்டில் அவளை ஆரத்தித் தட்டைத் தொட விடுவதில்லை. அவளும் அதை நம்பிவிட்டாள். மூன்று வருடமாக, ஓவியாவுக்கு அடிபட்டால்கூட மருந்து போட வீட்டுக்காரர் இனியனைத்தான் கூப்பிடுவாளாம். தன் கை படக் கூடாது என்று.

"ஒங்க ரத்தத்துல ஒரு குத்தமும் இல்ல. இந்த மாதிரி இருக்கறவங்க ஆயிரம் பேர் புள்ள பெத்துக்கறாங்க. ஒரு ஊசி போட்டிருந்தா போதும். அது போடாம போனதுக்கு நான்தான் காரணம்" என்றேன்.

"வீட்டுக்கு வாங்க" என்றாள். கடையை அப்படியே விட்டுவிட்டு முன்னால் நடந்தாள். மாமியாரையும் இனியனையும் உட்கார வைத்து, "இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள். சொன்னேன். பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு "இவங்களுக்கும் சொல்லுங்க" என்றாள். சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகம் நிமிர்ந்துகொண்டே போனது. ஆதிலட்சுமி அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். இனியன் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுப்பேன் என்றார். கொடுங்கள், நானே வந்து சொல்கிறேன் என்றேன்.

கிளம்பும்போது மன்னிப்பு கேட்டேன். "அதெல்லாம் இப்ப கேக்காதீங்க, எனக்கு மொதல்ல அழுவணும்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது அக்கா. மூன்று வருடமாக என் பாவத்தை எப்படி இறக்கிவைப்பது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். அதை அவள் தன்னுடையது என்று நினைத்துச் சுமந்துகொண்டிருந்தாள். நான் முதல் நாளே வாயைத் திறந்திருந்தால் அவளுக்கு இந்த மூன்று வருடம் கிடைத்திருக்கும். இதற்குப் பொய் என்பதைவிடப் பெரிய பெயர் ஏதாவது இருக்க வேண்டும், எனக்குத் தெரியவில்லை.

பாஸ்டரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பிரசங்கம் செய்யவில்லை. "எப்ப வச்சிக்கலாம்?" என்று மட்டும் கேட்டார். அக்டோபர் 26 ஞாயிறு என்று முடிவாகியிருக்கிறது. நல்லவன்பாளையம் பக்கம் சபையார் ஒருவரின் நிலத்தில், பம்புசெட் தொட்டியில். கடவுள் என்னை மன்னித்துவிட்டார் என்று விசுவாசிக்கிறேன். ஆனால் மனசு லேசாகும் என்று எதிர்பார்த்தேனே, அது மட்டும் நடக்கவில்லை. முன்பு பயமாக இருந்தது. இப்போது வலிக்கிறது.

உங்களிடமும் கேட்கிறேன். என்னை மன்னியுங்கள். தேதிக்குள் என்று கேட்கவில்லை.

திரௌபதி


ஓசூர்
13 அக்டோபர் 2025

திரௌபதிக்கு,

நகல் கிடைத்தது. படித்தேன், மடித்துப் பத்திரமாக வைத்துவிட்டேன். அதைப் பற்றி இப்போது எழுத முடியாது, எழுதினால் அழுதுவிடுவேன். எனக்கு அழுவது பிடிக்காது.

போன கடிதத்தில் ஒருத்தியிடம் கேட்காமல் விட்டேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா. அது கவியாதான்.

நீ டியூபில் முன்கூட்டியே பெயர் எழுதி வைப்பது எனக்குத் தெரியும். அந்தப் பௌர்ணமிக்கு ஒரு வருடம் முன்பிருந்தே தெரியும். ஒருநாள் சாப்பிட்டுச் சீக்கிரம் வந்தபோது பார்த்தேன். இது தப்பு, ஆபத்து என்று எனக்கு உடனே தெரிந்தது. படிப்பில் முதல் மாதமே சொல்லிக் கொடுப்பார்கள். உன்னைக் கூப்பிட்டுச் சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் நீ "அப்ப நீங்களும் கூட நில்லுங்க அக்கா" என்று சொல்லிவிடுவாயோ என்று பயம் வந்தது. நின்றால் என் சாப்பாட்டு நேரம் போய்விடும். நோன்பு தவறாதவள் என்று ஊரில் எனக்குப் பெயர். எறும்பு சாகக் கூடாது என்று விளக்கு வைப்பதற்குள் சாப்பிட்டுவிட்டுக் கைகழுவுகிறவள், ஒரு பிள்ளை சாவதற்குப் பேசாமல் இருந்தேன்.

வேலை போன பிறகும் நானாவது அவளிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. நீ குற்றவாளி, நான் நிரபராதி என்ற ஒன்றே எனக்குப் போதுமானதாக இருந்தது. மூன்று வருடம் அதில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். இந்தக் கடிதங்களை நீ எழுதியிருக்காவிட்டால் இன்னும் உட்கார்ந்திருப்பேன். அதனால்தான் உன் மேல் கோபம் ஜாஸ்தியாக வருகிறது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, ஊத்தங்கரை வழியாக பஸ் பிடித்துத் திருவண்ணாமலை வந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. நேராக இளநீர்க் கடைக்குப் போனேன். நான் யார் என்று சொன்னதும் அவளே ஸ்டூலை எடுத்துப் போட்டாள். "நீங்கதான் அந்த அக்காவா, ஒங்க வேலைய இல்ல தின்னுட்டாங்க" என்று எனக்காக வருத்தப்பட்டாள். அதைக் கேட்டுக்கொண்டே உண்மையைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் தெரியுமா. சொன்னேன். தெரிந்தும் பேசாமல் இருந்தேன் என்றேன். கைகூப்பினேன்.

அவள் கடைப்பக்கம் திரும்பினாள். வந்த வாடிக்கையாளர் இருவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தாள். பிறகு கேட்டாள்.

"நீங்க அந்த அக்காவ மன்னிச்சிட்டீங்களா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "இன்னும் இல்ல" என்றேன்.

"நானும் இல்ல. ஒங்களையும்தான்" என்றாள்.

சொல்லிவிட்டு எனக்கும் ஒன்று வெட்டிக் கொடுத்தாள். இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். மாமியார் இப்போதெல்லாம் அவளை நேராகப் பார்ப்பதில்லை, ஆனால் போன வாரம் பக்கத்து வீட்டு வளைகாப்பில் ஆரத்தித் தட்டை அவள் கையில் கொடுத்தாராம். மனு விஷயம் இனியன் இன்னும் யோசிக்கிறார். கொடுத்தால் உன்னோடு நானும் வந்து நிற்பேன், எனக்குத் தெரிந்ததையும் சொல்வேன்.

உன் ஞானஸ்நானத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. தண்ணீரில் இறங்கினால் என்ன செய்வார்கள் என்று கேட்டாள். நீ எழுதியதை வைத்துச் சொன்னேன். பழைய திரௌபதியைப் புதைப்பார்களாம் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அத நான் பாக்கணும்" என்றாள். கோபத்தில் சொன்னாளா, வேறு எதிலா, எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது. 26ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

எனக்கும் அன்று லீவுதான். காலை முதல் பஸ்ஸில் ஏறினால் பத்து மணிக்கு வந்துவிடலாம். நாங்கள் இருவரும் சேர்ந்தே வருவோம். உன்னை மன்னிக்காதவர்கள் கரையில் நிற்கலாமா என்று மட்டும் உங்கள் பாஸ்டரிடம் கேட்டு எழுது.

சந்தனா